கீழ்த்தளத்தில் வரலாறு, மூன்றாம் மாடியில் வதந்தி

இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள், கண்ணுகளா. வாசலோரம் இருப்பவர்கள் கதவை லேசாகச் சாத்திவிடுங்கள். குளிருக்காகச் சொல்லவில்லை. நான் சொல்லப்போகும் கதைக்குச் சொந்தக்காரர்கள் வேறு இடத்தில் இருக்கிறார்கள். நடந்தது எங்கள் மலையில். பட்டவள் எங்கள் இபாய். ஆனாலும் கதை அருங்காட்சியகத்துக்குச் சொந்தம் என்று முத்திரை குத்தி வைத்துக்கொண்டார்கள். அதனால் திருட்டுத்தனமாகத்தான் உங்களுக்குத் தருகிறேன். திருட்டுக் கொய்யாவுக்கு ருசி கூடுதல், வாங்கிக்கொள்ளுங்கள்.

நாங்கள் அமிஸ் குலத்தார், இந்தத் தீவின் ஆதிக்குடிகள். கிழக்குக் கடற்கரையிலிருந்து பிழைப்புத் தேடித் தைவானின் இந்த வடக்குத் துறைமுகத்துக்கு வந்தவர்கள். ஆண்கள் சாரத்தில் ஏறிக் கான்கிரீட் வார்க்கச் சென்ட்ரிங் பலகை அடித்தார்கள். பெண்கள் மீன் கொட்டகையில் கணவாய் அரிந்தார்கள். ஊர் உயர உயர, கழித்துப் போட்ட பலகைகளைத் தோளில் ஏற்றிப் பின்னாலிருந்த மலையில் வீடு கட்டிக்கொண்டோம். கான்கிரீட் கறை படிந்த பலகைதான் எங்கள் சுவர். ஊரிலுள்ள பெரிய கட்டடம் ஒவ்வொன்றுக்கும் எங்கள் மலையில் ஒரு சுவர் சொந்தக்காரன் என்று ஆண்கள் பீற்றிக்கொள்வார்கள்.

எங்களில் வீடு பெண்ணுக்குரியது. புருஷன் மூட்டையைத் தூக்கிக்கொண்டு மனைவி வீட்டுக்கு வருகிறவன். ஒரு வீடு எழும்பினால் மலையே வந்து கைகொடுக்கும். கதவு நின்றதும் வீட்டுக்காரியின் உடன்பிறந்தவன், அதாவது பிள்ளைகளுக்குத் தாய்மாமன், அரிசி மதுவில் விரலை நனைத்து மண்ணில் தெளித்து முன்னோரைக் கூப்பிடுவான். பிறகு அந்த வீட்டில் கைவைத்த ஒவ்வொருவர் பெயரையும் உரக்கச் சொல்வான். பெயர் சொல்லப்பட்டவன் ஆயுசுக்கும் அந்த வீட்டின்மேல் கை ஓங்கக்கூடாது. ஓங்கினால் கை விழுந்துவிடுமாம். எங்களில் யாரும் ஓங்கியதில்லை. ஆகவே விழுமா என்று சோதித்துப் பார்க்க வாய்ப்பில்லாமல் போயிற்று.

இபாயின் வீடும் அப்படி எழுந்ததுதான். அவள் புருஷன் ஃபோதிங் பலகை அடிக்க, தம்பி லெகால் கூரைத் தகரம் போட, மலை முழுக்கக் கைவைத்தது. அதற்கு அடுத்த வருஷம்தான் பெரும்புயல் அடித்துத் துறைமுகத்துக் கப்பலையே சாலையில் தூக்கிப் போட்டது. இந்தப் புயலை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கதையே அதில்தான் தொங்குகிறது.

ஏனென்றால் ஒருநாள் மலையிலுள்ள எல்லாக் கதவுகளிலும் நகராட்சி ஓர் அறிவிப்பை ஒட்டியது. பெரும்புயலுக்கு முந்திக் கட்டிய வீடுகள் நிற்கலாம், பிந்திக் கட்டியவை ஆக்கிரமிப்பு, இடிக்கப்படும் என்று. அதைப் படித்ததும் இபாய்க்குச் சிரிப்பு வந்தது. "அப்பாடா, நாம முந்தியே கட்டிட்டோம்" என்று மகள் திபுஸிடம் சொல்லிவிட்டுக் கீரை ஆய உட்கார்ந்தாள். நியாயமான ஒரு கேள்வி கேட்டிருக்கிறார்கள், நியாயமான பதில் கையில் இருக்கிறது. இதில் பயப்பட என்ன இருக்கிறது என்றுதான் அவள் நினைத்தாள். பாவம், அவளுக்கு அலுவலகங்கள் பழக்கமில்லை.

நகராட்சிக் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் நில அலுவலகம். அதன் பிரிவுத் தலைவர் லியாவ் சாதுவான மனிதர். மேசையில் சின்னக் கள்ளிச்செடி வளர்த்தார். இபாய் சொன்னதையெல்லாம் தலையாட்டிக் கேட்டார்.

"அம்மா, நீங்க சொல்றத நான் நம்பறேன். மனுஷனா முழுசா நம்பறேன். ஆனா அதிகாரியா நம்பறதுக்கு எனக்கு அதிகாரம் இல்ல. சான்று வேணும்."

"என்ன சான்றுங்க?"

"வீட்டு எண் போட்ட காகிதம்."

"எண் கேட்டு அப்பவே வந்தோமே. வீட்டுக்குச் சான்று இருந்தாத்தான் எண் தருவோம்னு உங்க ஆபீஸ்லதான் சொன்னாங்க."

"சரியாத்தான் சொல்லியிருக்காங்க" என்றார் லியாவ், தம் அலுவலகத்தின் நேர்மையில் முகம் மலர்ந்து.

"புயல்ல எங்க கூரை பறந்ததப் பார்த்தவங்க இருக்காங்க. கூட்டிட்டு வரட்டுமா?"

"வாயால சொல்றதுதானே? வாயால சொல்றது வதந்திம்மா. சட்டத்துல அதுக்கு இடமில்ல." கள்ளிச்செடிக்கு ஒரு சொட்டு நீர் விட்டார். அன்றைய நேர்காணல் முடிந்தது.

படியிறங்கி வந்த இபாய் கீழ்த்தளத்தில் நின்றுவிட்டாள். அங்கே நகரின் மக்கள் நினைவு அருங்காட்சியகம். வாசலில் புதிதாகத் துணிப்பதாகை கட்டியிருந்தார்கள். எழுத்துக் கூட்டிப் படித்தாள்: "உங்கள் சொல்லே வரலாறு. காகிதத்தைவிட உங்கள் குரல் மூத்தது. குறைவாகக் கேட்கப்பட்ட சமூகங்களே, வாருங்கள், பேசுங்கள்!"

அவள் நிமிர்ந்து மாடியைப் பார்த்தாள். மறுபடி பதாகையைப் பார்த்தாள். கூரையும் ஒன்று, தூணும் ஒன்று. மேலே வதந்தியாக இருப்பது கீழே வரலாறாக இருக்குமானால், கீழே வரலாறாக்கி மேலே தூக்கிக்கொண்டு போய்விடலாமே! நீங்களாக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பீர்கள், கண்ணுகளா.

இயக்குநர் சியாவ் அவளை இரண்டு கைகளாலும் வரவேற்றார். லினன் சட்டை போட்டிருந்தார். எங்கள் குலத்து நெசவுப்பட்டை ஒன்றைக் கழுத்தில் சுற்றியிருந்தார். அது பையின் தோள்வார் என்பதை அவரிடம் யாரும் சொல்லவில்லை.

"அம்மா, இத்தனை வருஷமா இந்த ஊர் உங்க குரலைக் கேக்கவே இல்ல. அந்தப் பாவத்தை நாங்க கழுவப்போறோம்."

"கேக்கலன்னா சொல்றீங்க? மாடியில இப்பதான் கத்திட்டு வரேன். அவருக்கு நல்லாவே கேட்டுச்சு."

சியாவ் கண்ணை மூடிக்கொண்டார். "என்ன ஒரு கவித்துவம்! யூ, இதைக் குறிச்சுக்கோ."

யூ என்பவள் சேகரிப்பு அலுவலர். படித்த பெண். எப்போதும் கிசுகிசுப்பாகத்தான் பேசுவாள், அருங்காட்சியகத்தில் பொருள்கள் விழித்துக்கொள்ளக் கூடாது என்பதைப் போல. அடுத்த வாரம் பதிவுக்கு வரச்சொன்னாள்.

போன அன்று முதலில் இபாயின் சட்டையைக் கழற்றச் சொன்னார்கள். மீன் கொட்டகைச் சட்டை, துவைத்துத்தான் போட்டிருந்தாள். "இது உங்க உண்மையான தோற்றம் இல்லையேம்மா" என்று கிசுகிசுத்த யூ, கண்ணாடிப் பெட்டியிலிருந்து ஒரு சிவப்பு உடையை எடுத்து மாட்டினாள். வேறு ஊர்க் கல்யாணப்பெண்ணின் உடை அது. பேரன் எடுத்த வயதில் இபாய் யாரோ ஒருத்தியின் கல்யாணத்துக்குத் தயாராக உட்கார்ந்தாள். துணைக்கு வந்திருந்த தம்பி லெகால் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"அக்கா, மாப்பிள்ளை யாரு? அந்தக் கழுத்துப்பட்டைக்காரரா?"

"வாய மூடு. மது கொண்டாந்தியா?"

வீடு எழுப்பிய கதையைச் சொல்லத் தொடங்குமுன் மது தெளிக்க வேண்டும். அதில் வருகிறவர்களில் பாதிப்பேர் செத்தவர்கள். கூப்பிடாமல் செத்தவர்களைப் பற்றிப் பேசுவது, ஆளை வெளியே நிறுத்திவிட்டு உள்ளே புறம் பேசுகிற மாதிரி. ஆனால் யூ பதறிப்போனாள். பதிவறைக்குள் பாத்திரத்தில் திரவம் கொண்டுபோகக் கூடாதாம், கருவிகளுக்கு ஆபத்தாம். மேலிடத்தைக் கேட்டுவிட்டு வந்து, வெறுங்கிண்ணம் ஒன்றை வைத்துக்கொள்ள அனுமதி கிடைத்திருக்கிறது என்றாள்.

"வெறுங்கிண்ணத்தைக் காட்டினா எங்க பெரியவங்க என்ன நினைப்பாங்க?" என்றாள் இபாய்.

"அடையாளமா எடுத்துக்குவாங்கம்மா."

"செத்தவங்களுக்குத் தாகம் அடையாளமா எடுக்காதே."

லெகால் வெளியே போனான். திரும்பும்போது இரண்டு கன்னமும் உப்பியிருந்தன. பாத்திரத்தில்தானே கூடாது! காவலாளி சோதித்து உள்ளே விட்டான். அக்காவின் உள்ளங்கையில் ஒரு வாய் மதுவை விட்டுவிடலாம் என்பது அவன் திட்டம். ஆனால் யூ குறுக்கே வந்து, "உங்க பேர் என்னங்க?" என்றாள். அவன் தலையாட்டினான். "எந்த ஊர்?" தலையாட்டினான். "எங்ககிட்டப் பேச விருப்பமில்லையா?" அதற்கும் தலையாட்டினான். யூ பரிவோடு எழுதிக்கொண்டாள்: "இச்சமூகத்து ஆண்கள் கூச்ச சுபாவம் மிக்கவர்கள். அந்நியர் முன் பேசுவதில்லை." இவள் எழுதுவதைப் பார்த்த பயத்தில் அவன் மதுவை விழுங்கிவிட்டான். அந்த வரி இன்றும் சுவரில் இருக்கிறது. எங்கள் மலையில் வாயாடிப் பரிசு வாங்கியவன் அவன்.

கடைசியில், "மூச்சிலயாவது தெளிடா" என்றாள் இபாய். தம்பி ஊதினான். அதுவும் பதிவாயிற்று. "காற்று வழிபாடு."

பிறகு கேள்விகள். கடலைப் பார்த்தால் என்ன தோன்றும்? நிலவு உங்கள் குலத்துக்கு என்ன உறவு? இபாய் அதையெல்லாம் ஒதுக்கிவிட்டு, வந்த வேலையைப் பார்த்தாள். புயலுக்கு முந்தின வருஷம் வீடு எழுந்ததைச் சொன்னாள். யார் யார் கைவைத்தார்கள், யார் மழையில் ஆணியைப் பல்லில் கடித்துக்கொண்டு கூரையில் நின்றார்கள் என்று ஒவ்வொருவராகச் சொன்னாள். கடைசியில் ஃபோதிங் வந்தான்.

"அவரு இங்கதான் செத்தாரு" என்றாள்.

"எங்கம்மா?"

"இங்கதான். இந்தக் கட்டடத்துக்குப் பலகை அடிக்கறப்ப, மேல, மூணாம் மாடிச் சாரத்துல இருந்து. மறுநாளே கான்கிரீட் போட்டுட்டாங்க. ஒருநாளாவது வேலைய நிறுத்துங்கன்னு கேட்டோம். கலவை காஞ்சிடும்னாங்க."

யூவின் கண் கலங்கியது நிஜம், அதை நான் மறைக்க மாட்டேன். ஆனால் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் கிசுகிசுத்தது என்ன தெரியுமா?

"அம்மா, இந்த வருஷத் தலைப்பு 'கடலும் களிப்பும்'. இது அதுல எங்கயும் உக்காராதே."

சற்றுநேரம் இடைவெளி விட்டார்கள். வெளியே குப்பை வண்டி தன் வழக்கமான மெட்டைப் பாடிக்கொண்டு போயிற்று. இந்த ஊரில் அந்த மெட்டைக் கேட்டதும் எல்லோரும் குப்பைப் பையைத் தூக்கிக்கொண்டு ஓடுவோமே, அதுதான். இபாயும் வீட்டுக் குப்பையை நினைத்து அதோடு சேர்ந்து முனகினாள். கருவியை யாரும் அணைத்திருக்கவில்லை.

முடிந்ததும், "இப்ப நான் சொன்னத ஒரு பெட்டியில போட்டுக் குடுங்க. மேல காட்டணும்" என்றாள்.

சியாவ் புன்னகைத்தார். "அது இப்ப உங்க சொல் இல்லம்மா. மனிதகுலத்தோட சொத்து. வெளியே தரமுடியாது."

"நானாவது இங்க வந்து போட்டுக் கேக்கலாமா?"

"ஆய்வாளர்கள் மட்டும். நீங்க ஆய்வாளர் இல்லையே, நீங்க மூலம்."

இன்னொன்றும் சொன்னார்கள். பதிவுக்கு முன் அவள் கைநாட்டு வைத்த ஒப்பந்தப்படி இதே கதையை வேறு யாரிடமும் அனுமதியின்றிச் சொல்லக்கூடாதாம். சரக்கின் அபூர்வம் கெட்டுவிடுமாம்.

இபாய் அதைக் காதில் வாங்கவில்லை. நேரே மூன்றாம் மாடிக்கு ஏறி, "புயலுக்கு முந்தின வருஷம்..." என்று ஆரம்பித்தாள். லியாவ் இரு காதுகளையும் பொத்திக்கொண்டார்.

"சொல்லாதீங்கம்மா! கீழேயிருந்து தகவல் வந்துடுச்சு. அது அவங்க சேகரிப்பு. அனுமதி இல்லாம நான் கேட்டா அரசாங்கமே அரசாங்கத்துகிட்டத் திருடின மாதிரி ஆயிடும்."

"முன்னாடி வதந்தின்னீங்க."

"முன்னாடி வதந்தி. இப்ப சேகரிக்கப்பட்ட வதந்தி."

படியில் இறங்கும்போது இபாய் ஒவ்வொரு படியையும் மெல்ல மிதித்தாள். வயதானதால் அல்ல. அந்தப் படிகளுக்குப் பலகை அடித்தவன் யார் என்று அவளுக்குத் தெரியும்.

இடிக்கும் நாள் வந்தது. மழை தூறிக்கொண்டிருந்தது. இயந்திரங்கள் மலையேறின. அவற்றுக்குப் பின்னால் இயக்குநர் சியாவ், மஞ்சள் தலைக்கவசமும் கழுத்துப்பட்டையுமாக வந்தார். இபாயின் வீட்டை மட்டும் இயந்திரம் தொடாது என்று அறிவித்தார். அவள் ஒரு கணம் அவர் காலில் விழப்போனாள்.

"இந்த வீட்டைப் பலகை பலகையாப் பிரிச்சு எடுத்துட்டுப் போறோம். அருங்காட்சியகத்துக்குள்ள திரும்ப நிறுத்தப்போறோம். உங்க சமூகத்துக்கு ஒரு மாதிரி வீடு போதும்னு குழு முடிவு பண்ணிடுச்சு."

"அப்ப மத்த வீடுங்க?"

"மத்ததுங்க நகல்கள்மா."

பத்திரிகைக்காரர்கள் வந்திருந்தார்கள். சியாவ் அவர்கள் பக்கம் திரும்பிப் பேசினார். அந்தப் பேச்சை நான் பக்கத்தில் நின்று கேட்டேன், அதனால் ஒரு சொல்லும் கூட்டாமல் சொல்கிறேன்: "நண்பர்களே, இடியாத வீடு வெறும் வீடு. இடிந்தால்தான் அது நினைவு. மக்கள் அதில் குடியிருக்கும்வரை யாரால் அதை ஆராயமுடியும்? சோறு வடிக்கிறார்கள், துணி காயப்போடுகிறார்கள், பாரம்பரியத்துக்கு நாள்தோறும் சேதம். இன்று அந்தச் சேதம் நின்றது. இனி இந்த வீடு என்றென்றைக்கும் பாதுகாப்பாக இருக்கும், இதில் வசித்தவர்களிடமிருந்தும்கூட."

எல்லோரும் கை தட்டினார்கள். பின்னணியில் என் வீடு விழுந்தது. ஆமாம், நகல்களில் ஒன்று என்னுடையது.

இபாய் கேட்டாள், "நான் ராத்திரி எங்க படுக்கறது?"

சியாவுக்கு அந்தக் கேள்வி புரியவில்லை. பிறகு புரிந்தது. "நீங்க எப்ப வேணும்னாலும் உங்க வீட்டுக்கு வரலாம்மா. காலை ஒன்பதிலேர்ந்து சாயங்காலம் அஞ்சு வரைக்கும். திங்கள் விடுமுறை. உங்களுக்கு நுழைவுச்சீட்டுல சலுகையும் உண்டு."

அப்போதுதான் இபாய் வாயை மூடினாள். அதன்பின் பல வாரம் திறக்கவில்லை. பாலத்துக்குக் கீழே மகள் பிடித்திருந்த ஒற்றை அறையில், பேரப்பிள்ளைகளின் காலடியில் சுருண்டு படுத்துக்கொண்டு சுவரையே பார்த்திருந்தாள். "ஏதாவது சொல்லு இனா" என்று திபுஸ் அழுவாள். "அம்மா" என்றால் எங்களில் இனா. அவள் சொல்ல மாட்டாள். சொன்னதெல்லாம்தான் எடுத்துக்கொண்டு போய்விட்டார்களே.

கண்காட்சித் திறப்பு விழாவுக்கு அழைப்பு வந்தது. மலையார் எல்லோரும் பாரம்பரிய உடையில் வரவேண்டுமாம். ஆண்கள் வேலை முடிந்து அப்படியே வந்தார்கள், இடுப்பில் ஆணிப்பையும் சுத்தியலும் தொங்க. அதுதான் எங்கள் பாரம்பரிய உடை என்று லெகால் காவலாளியிடம் சொல்லிவிட்டான்.

கூடத்தின் நடுவே இபாயின் வீடு நின்றது. கான்கிரீட் கறை துடைக்கப்பட்டு, பலகை பளபளவென்றிருந்தது. சுற்றிலும் கயிறு. ஒலிபெருக்கியில் அவள் குரல். மணிக்கணக்காகச் சொன்னதில் ஒரு சொல்கூட இல்லை. முனகல் மட்டும் இருந்தது. "அலைகளின் தாலாட்டு, வழிவழி வந்தது" என்று எழுதிப் போட்டிருந்தார்கள். ஒரு கனவான் கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்தார்.

"இது குப்பை வண்டிப் பாட்டுல்ல?" என்றான் லெகால்.

"உஷ். அழறாரு, அழட்டும்" என்றாள் திபுஸ். அடுத்த குறிப்புப் பலகையைப் பார்த்ததும் அவள் குரல் மாறியது. "இனா, இத கேளேன். 'இபாய் என்பவரின் வீடு. பெரும்புயலுக்கு முந்தைய ஆண்டு கட்டப்பட்டது.' நகராட்சி முத்திரையோட போட்டிருக்காங்க!"

இபாய் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு போனாள். ஓரத்தில் தட்டோடு கேக் தின்றுகொண்டிருந்த லியாவின் கையைப் பிடித்து இழுத்து வந்து பலகைமுன் நிறுத்தினாள்.

"படிங்க."

லியாவ் படித்தார். கேக்கை விழுங்கினார். "அழகா எழுதியிருக்காங்க."

"சான்று கேட்டீங்களே. உங்க முத்திரைதானே?"

"அம்மா, இது காட்சிக் குறிப்பு. உண்மையா இருக்கணும்னு இதுக்கு அவசியமில்ல."

"பொய்யா?"

"பொய்யில்ல. ஆனா மாடியில செல்லாது."

இபாய் வெகுநேரம் அந்தக் கதவையே பார்த்தாள். நிலையின் உயரத்தில், ஃபோதிங் கடைசியாக அடித்த ஆணி கொஞ்சம் வளைந்திருக்கும். அதை நேராக்கிவிட்டிருந்தார்கள். அதைத்தான் அவள் பார்த்தாள் என்று பிறகு என்னிடம் சொன்னாள். எதையும் தாங்கியிருப்பேன், அந்த ஆணியை நேராக்கியிருக்க வேண்டாம் என்றாள்.

தம்பியிடம் திரும்பினாள்.

"லெகால். பலகை பிரிக்கறது எப்படின்னு ஞாபகம் இருக்கா?"

"வாழ்நாள் முழுக்க வேற என்ன பண்ணேன்? அடிச்சது பாதி, பிரிச்சது பாதி."

"மலையாளுங்க எல்லாரும் வந்துட்டாங்களா?"

அவன் அக்கா முகத்தைப் பார்த்தான். சிரிப்பு போயிற்று. சுத்தியலைக் கையில் எடுத்தான்.

மேடையில் மேயர் பேசி முடிக்கும் தறுவாயில் இருந்தார். தேர்தல் நெருங்கிக்கொண்டிருந்தது, அதனால் அவர் எல்லாச் சமூகத்தையும் நேசித்துக்கொண்டிருந்தார். இபாய் மேடைக்குப் போய்த் தலை வணங்கினாள்.

"ஐயா, எங்க வழக்கப்படி வீட்டை எல்லாருமாச் சேந்து எழுப்பிக் காட்டட்டுமா? மலை முழுக்க வந்திருக்காங்க. நீங்களும் ஒரு கை வெச்சா எங்க பெரியவங்க குளிர்ந்து போவாங்க."

சியாவ் குழம்பினார். நிகழ்ச்சிநிரலில் அது இல்லை. ஆனால் படம்பிடிப்பவர்கள் எல்லோரும் ஒருசேரத் திரும்பிவிட்டார்கள். மேயர் அதற்குள் கோட்டைக் கழற்றி உதவியாளரிடம் கொடுத்திருந்தார்.

"நேரடி நிகழ்வு! நாங்களேதான் வடிவமைச்சோம்" என்றார் சியாவ் ஒலிபெருக்கியில்.

லெகால் வேலைநேரப் பாட்டு ஒன்றை எடுத்தான். மலை முழுக்கப் பின்பாட்டுப் பாடியது. கூரைத் தகரம் இறங்கிற்று. பலகைகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கழன்று, கைக்குக் கை மாறி வாசல் பக்கம் நகர்ந்தன. விருந்தினர் தாளம் தட்டினார்கள். "எழுப்புவதென்றால் முதலில் பிரிக்க வேண்டும் போலிருக்கிறது, என்ன ஒரு தத்துவம்!" என்றார் அழுத கனவான். அவர் கையிலும் ஒரு பலகையைத் திணித்தார்கள். யூ மட்டும் பலகையோடு வாசல்படியில் தயங்கி நின்றாள். இபாய் அவளைப் பார்த்தாள். யூ ஒன்றும் கிசுகிசுக்கவில்லை. குனிந்துகொண்டு தெருவில் இறங்கினாள்.

கதவு மட்டும் மிச்சமிருந்தது. அதன் ஒரு முனையை இபாய் பிடித்தாள். மறுமுனையை மேயர் பிடித்தார், புன்னகை படத்தில் விழும்படி முகத்தைச் சாய்த்துக்கொண்டு.

ஊர்வலம் கிளம்பியது. சாயங்காலக் குப்பை வண்டி அதே மெட்டைப் பாடிக்கொண்டு முன்னால் வந்து சேர்ந்துகொண்டது. "இசையையும் ஏற்பாடு பண்ணியிருக்காங்களே!" என்று மேயரின் மனைவி நெகிழ்ந்துபோனாள். வழியெங்கும் குப்பைப் பையோடு வெளியே வந்த சனம், மேயர் கதவு சுமந்து மலையேறுவதைப் பார்த்து வாய்பிளந்து நின்றது.

மலை மொட்டையாகக் கிடந்தது. "எதிர்கால நினைவுப் பூங்கா" என்று ஒரு பலகை நட்டிருந்தார்கள். இபாயின் வீட்டுக் கடைக்கால் கற்கள் அங்கேயே இருந்தன. நாள் முழுக்க உழைத்துக் களைத்த ஆண்கள் ஒருவர்கூட உட்காரவில்லை. சுவர் எழுந்தது, தகரம் ஏறிற்று, கதவு நின்றது. நேராக்கிய ஆணியை லெகால் ஒரே அடியில் பழையபடி வளைத்தான்.

பிறகு மதுவில் விரல் நனைத்து மண்ணில் தெளித்தான். இந்தத் தடவை தடுக்க ஆளில்லை.

"ஃபோதிங்!" என்று முதலில் கூப்பிட்டான். இபாய் தொடர்ந்து உரக்கச் சொன்னாள்: "நகராட்சிக் கட்டடத்துச் சாரத்துல இருந்து விழுந்தவரே! மறுநாளே மறைச்சுக் கான்கிரீட் போட்டாங்களே, அந்த ஃபோதிங்! வாங்க, உங்க வீடு நிக்குது, குடிங்க!"

மேயர் கை தட்டினார். ஆமாம், கண்ணுகளா, கை தட்டினார். அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

அப்புறம் கைவைத்தவர் பெயரெல்லாம் வந்தன. செத்தவர், இருப்பவர், கனவான், யூ. கடைசியில் மேயரின் பெயரை லெகால் மூன்றுமுறை கூவினான். கிண்ணத்தை நீட்டினான். மேயர் ஒரே மூச்சில் குடித்துவிட்டு, எல்லாப் படக்கருவிகளுக்கும் முன்னால் நெஞ்சில் கைவைத்துச் சொன்னார்: "இனி இது என் வீடும்தான்! இதன் மேல் யாரும் கைவைக்க விடமாட்டேன்!"

"சொன்னத எல்லாரும் கேட்டீங்களா?" என்றான் கூச்ச சுபாவம் மிக்க லெகால்.

மறுநாள் எல்லாப் பத்திரிகையிலும் அந்தப் படம். மேயருக்கு அது பிடித்துப்போய்ப் பெரிதாக்கி எல்லா அலுவலகத்திலும் மாட்டச் சொன்னார், நில அலுவலகம் உட்பட. சில நாள் கழித்து லியாவ் ஓர் அறிவிப்பும் பசையுமாக மலையேறி வந்தார். கதவருகே நின்றார். இதே கதவுதான் அவர் மேசைக்கு மேலே தொங்குகிறது, மேயரின் கையில். அந்தக் கதவில் ஒட்டினால் யார் கையில் ஒட்டியதாகும் என்று யோசித்தாரோ என்னவோ, ஒட்டாமலே இறங்கினார். போகும்போது, "சான்று கேட்டேன்ல, அது இந்த மாதிரி இருந்தாப் போதும்" என்றார். உள்ளபடியே உதவி செய்ததாகத்தான் அவர் நினைத்திருப்பார்.

சியாவுக்குத் தலைநகரில் விருது கிடைத்தது. காட்சிப்பொருளைச் சமூகத்திடமே திருப்பித் தரும் புதுமைத் திட்டத்துக்காக. காலியான கூடத்தில் கயிறு அப்படியே இருக்கிறது. கயிற்றுக்குள் முனகல் மட்டும் கேட்கிறது. பள்ளிப் பிள்ளைகளை வரிசையில் கூட்டிவந்து கேட்க வைக்கிறார்கள்.

இதை வெற்றி என்று யாரும் கை தட்டிவிடாதீர்கள். திரும்பி வந்தது ஒரே ஒரு வீடு. நகல்கள் என்று சொல்லி நொறுக்கிய எங்கள் வீடுகள் நொறுங்கினதுதான். மலையார் பாலத்தடியிலும் வாடகை மூலையிலும் சிதறிக் கிடக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் இபாயின் ஒற்றைக்கூரைக்குக் கீழே நெருக்கியடித்து உப்புக்கறி தின்கிறோம், நிற்கிறவர் உட்காரவும் உட்கார்ந்தவர் நிற்கவும் முறைவைத்துக்கொண்டு. அவள் சொன்ன கதை இன்னும் கீழ்த்தளத்துப் பெட்டிக்குள் பூட்டிக் கிடக்கிறது. ஃபோதிங் என்ற பெயர் அந்தக் கட்டடத்தில் எங்கும் இல்லை. நீங்கள் யாராவது அங்கே போனால் படியில் கொஞ்சம் நின்று அந்தப் பெயரை வாய்விட்டுச் சொல்லுங்கள். காவலாளி கேட்டால் வதந்தி என்று சொல்லிக்கொள்ளலாம்.

சரி, சாத்தின கதவைத் திறந்துவிடுங்கள். நேரமாயிற்று, அவரவர் வீட்டுக்குப் போகவேண்டும். போவதற்கு வீடு இருப்பதே பெரிய பாக்கியம். உங்கள் வீட்டுச் சுவரில் ஆணி வளைந்திருந்தால் வளைந்தபடியே இருக்கட்டும். உங்கள் அடுப்பு ஒன்பதுக்கு முன்னும் எரியட்டும், ஐந்துக்குப் பின்னும் எரியட்டும், திங்கட்கிழமையும் எரியட்டும். உங்கள் கூரைக்குக் கைகொடுத்த எல்லார் பெயரும் உங்கள் பிள்ளைகள் நாவில் நிற்கட்டும். உங்கள் வாசலை அளக்க வருகிறவன் கதவைச் சுமந்து கொடுத்துவிட்டுப் போகட்டும்.